மலேரியாவும் மனித அறிவும்

உலகத்து உயிர்களுள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தேடி உண்பன பல. பிறவுயிரின் உடலிற் புகுந்து, அதன் ஊணைத் தம் ஊணாக்கிக்கொண்டு வாழ்வனவும் பல. பின்னவற்றை ஒட்டுண்ணிகள் என்பர். குடலிலே தங்கும் கொழுக்கிப்புழுவும் நாடாப்புழுவும், நிணநீர்க் குழாய்களில் வாழ்ந்து யானைக்கால் நோயை விளைக்கும் புழுவும், குருதியில் வாழ்ந்து முறைக்காய்ச்சலை விளைக்கும் நுண்ணுயிரும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. இவற்றுட் பலவற்றுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. அவை தம் வாழ்நாளின் ஒரு பகுதியை ஓருயிரின் உடலிலும், மறுபகுதியை வேறோர் உயிரின் உடலிலும் கழிக்கின்றன. மனிதனைத் துன்புறுத்தும் கிருமியை மனித உடலில் மாத்திரம் தேடியவர்கள் அதன் வரலாற்றிற் பாதியையே கண்டனர். மற்றப் பாதியைக் கண்டறிந்த கதையே ஒட்டுண்ணியியலின் கதை எனலாம். அதனைத் தெளிவுற எடுத்துக்காட்டுவது மலேரியாவின் வரலாறு.

மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் தீய காற்று என்பது பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே இக்காய்ச்சலை விளைக்கிறது என ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். நம்மவரோ அதன் காரணத்தை விடுத்து இயல்பை நோக்கி, நாள் தவறாது முறைவைத்து வருதலின் முறைக்காய்ச்சல் என்றனர். காரணம் அறியப்படாத காலத்திலேயே மருந்து கிடைத்துவிட்டது. தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. 1820இல் பெல்லெற்றியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். இலங்கையிலே ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதும் சிங்கோனாவைப் பயிரிடற்பொருட்டே. எனினும், மருந்து நோயாளியைக் காத்ததேயன்றி நோயின் பரம்பலைத் தடுக்கவில்லை. நோய் எவ்வழியாக வருகின்றது என்பதை அறியாதார் அதன் வழியை அடைப்பது எங்ஙனம்?

1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகர இராணுவ வைத்தியசாலையில், லவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் காய்ச்சலுற்ற போர்வீரன் ஒருவனின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கினார். கருநிறத் துணிக்கைகள் கொண்ட உருண்டைகளிலிருந்து சாட்டை போன்ற இழைகள் புறப்பட்டுத் துடித்தலைக் கண்டார். அஃது உயிருள்ள ஒட்டுண்ணி எனத் துணிந்தார். மண்ணிலுள்ள ஒரு பற்றீரியாவே நோய்க்குக் காரணம் என அக்காலத்தார் சிலர் கூறிவந்தமையால், அவருடைய கூற்று உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. சில ஆண்டுகளின் பின் இத்தாலிய அறிஞர் கொல்ஜி, செங்குருதிக் கலங்களுள் வளரும் கிருமிகள் அவற்றை ஒருங்கே உடைத்து வெளிப்படும் வேளையே நடுக்கமும் காய்ச்சலும் தோன்றும் வேளை எனக் காட்டினார். ஒருவகைக் கிருமிக்கு 48 மணி நேரமும் மற்றொருவகைக்கு 72 மணி நேரமும் வேண்டும். முறைக்காய்ச்சலின் முறைக்குக் காரணம் இவ்வாறு விளங்கிற்று.

எனினும், கிருமி ஓருடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி புலப்படவில்லை. அதற்கு வழிகாட்டியது யானைக்கால் நோய் பற்றிய ஆராய்ச்சியாகும். சீனத்தின் அமோய்த் துறைமுகத்திற் பணியாற்றிய பற்றிக் மான்சன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், 1877இல், அந்நோய்ப் புழுவைக் குருதியிற் கொண்டிருந்த தம் தோட்டக்காரனை நுளம்புகள் கடிக்கச் செய்து, பின்னர் அவற்றை அறுத்து நோக்கினார். நுளம்பின் உடலிலே புழுக்கள் இறவாது வளர்ந்திருந்தன! குருதியுண்ணும் பூச்சியொன்று மனித ஒட்டுண்ணிக்கு வளர்ப்பிடமாகும் என்பது அன்று முதன்முதல் வெளிப்பட்டது. ஆயின், மான்சன் அடுத்த படியிலே தடுமாறினார். முட்டையிட்ட நுளம்பு நீரில் வீழ்ந்து மடிகிறது; அந்நீரைப் பருகுவோர் உடலிற் புழு புகுகிறது என்பது அவர் கருத்து. நுளம்பின் துதிக்கையிலேயே புழுக்கள் வந்து காத்திருத்தலை அவருடைய மாணவர் லோ 1900இலேதான் கண்டறிந்தார்.

மலேரியாவும் இவ்வாறே நுளம்பின் வழிப் பரவக்கூடும் என்னும் எண்ணத்தை மான்சன் 1894இல் இலண்டனில் ஓர் இளைஞருக்கு எடுத்துரைத்தார். அவரே இந்தியாவிற் பிறந்து இந்திய வைத்தியச் சேவையிற் பணியாற்றிய றொனால்ட் றொஸ். இந்தியா மீண்ட றொஸ் ஈராண்டுக்கு மேலாக நுளம்புகளை அறுத்து ஆராய்ந்தும் யாதும் கண்டிலர். அவர் அறுத்தவை மலேரியாவைப் பரப்பாத இனங்கள் என்பதை அவர் அறியார். விசிறி வீசினால் நுளம்புகள் பறந்துவிடுமாதலின் செக்கந்தராபாத்தின் வெப்பத்தில் விசிறியின்றியே பணி செய்தார். அவருடைய வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின. இறுதியிற் புள்ளிச் சிறகுடைய நுளம்புகள் சில கிடைத்தன. ஹுசேன் கான் என்னும் நோயாளி, நுளம்பொன்றுக்கு ஓரணா கூலி பெற்று அவற்றுக்குத் தன் குருதியை ஈந்தான். 1897 ஓகத்து 20ஆம் நாள், அந்நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் உருண்டைக் கலங்களை றொஸ் கண்டார். அவற்றினுள்ளே, லவெரான் மனிதக் குருதியிற் கண்ட அதே கருநிறத் துணிக்கைகள் இருந்தன.

அடுத்த ஆண்டிற் கல்கத்தாவிலே பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்த றொஸ், கிருமி நுளம்பின் இரைப்பையிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது புதிய உடலிற் புகுதலை நிறுவினார். மனித மலேரியாவைப் பரப்புவது அனொபிலிசு இன நுளம்பே என்பதை அதே 1898இல் கிராசியும் அவருடன் பணியாற்றிய இத்தாலியரும் காட்டினர். 1900இல் இருவகைச் சோதனைகள் நிகழ்ந்தன. உரோமாபுரியை அடுத்த மலேரியா நிலத்தில் நுளம்பு புகாத குடிசையொன்றிலே அறிஞர் சிலர் நோய் மிகும் பருவம் முழுவதும் வாழ்ந்தனர். அந்நிலத்துக் காற்றையே நாளும் உயிர்த்தும் அவர்கள் நோயுற்றிலர். உரோமிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட நுளம்புகள் கடித்த மான்சனின் மகனோ, மலேரியா இல்லாத நகரில் இருந்தும் நோயுற்றார். தீய காற்று என்னும் கொள்கை அத்துடன் மாய்ந்தது. றொஸ் 1902இலும் லவெரான் 1907இலும் நோபல் பரிசு பெற்றனர். ஹுசேன் கானும் அமோய்த் தோட்டக்காரனும் பரிசு யாதும் பெற்றிலர். அவர்தம் குருதியின்றி இவ்வறிவு பிறந்திருக்குமா என்பது சிந்திக்கற்பாலது.

அறிவு பிறந்த அளவில் நோய் ஒழிந்துவிடுவதில்லை என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. இங்கு மலேரியா உலர்வலயத்தின் நிலையான நோயாக இருந்தது. 1911இல் குருநாகலில் மலேரியாத் தடுப்புப் பணி தொடங்கப்பட்டது. ஈரவலயத்தில் ஆறுகள் இடையறாது ஓடி நுளம்புக் குடம்பிகளை அடித்துச் செல்லுதலால் ஆங்கு நோய் அருகியிருந்தது. அதனால் மக்கள் உடலில் எதிர்ப்புச் சத்தியும் இல்லாதிருந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணலிலும் பாறையிலும் குட்டை குட்டையாகத் தேங்கின. இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பும் அனொபிலிசு குலிசிபேசிசு, சேற்றையன்றி வெயில் படும் தெளிந்த நீரையே நாடுவது. வரட்சியே அதற்கு வளமாயிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் மூண்ட நோய், 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டது. விளைச்சல் குன்றி உணவின்றி மெலிந்திருந்த ஏழைகளும் சிறுவரும் பெருந்தொகையாக மாண்டனர். சூரியமல் இயக்கத்தினர் போன்ற தொண்டர்கள் ஊரூராகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். நுளம்பின் பங்கு அறியப்பட்டு 36 ஆண்டு கழிந்தபின் நிகழ்ந்த பேரழிவு இது.

இரண்டாம் உலகப் போரை அடுத்து டி.டி.ரி. என்னும் பூச்சிநாசினி வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆயிருந்த இந்நாட்டின் இறப்பு வீதம், 1947இல் 14 ஆயிற்று. அது முற்றும் டி.டி.ரி.யின் பயனா, உணவும் வைத்திய வசதியும் பெருகியமையின் பயனுமா என்பது அறிஞரிடை வாதத்துக்குரியது. மலேரியா குன்றியதிலோ ஐயமில்லை. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேரே. பகை ஒழிந்தது எனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, காவலும் தளர்ந்தது. புதிய சேனைகளிலும் இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளிலும் நுளம்பு பெருகிற்று. 1969ஆம் ஆண்டிலே நோயுற்றோர் தொகை 5 இலட்சத்துக்கு மேற்பட்டது! நுளம்பு டி.டி.ரி.யைத் தாங்கும் வன்மையையும் பெற்றுவிட்டமையின், 1977இல் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

கிருமியின் வாழ்க்கை பற்றிய அறிவும் இதற்கிடையே வளர்ந்தது. நுளம்பு செலுத்திய கிருமி நேரே குருதிக் கலங்களிற் புகாது, முதலில் ஈரலிலே பெருகுகிறது என்பதை 1948இல் ஷோற், கார்ணம் என்போர் காட்டினர். வைவாக்சு என்னும் வகைக் கிருமிகளுட் சில ஈரலிலே மாதக்கணக்காக உறங்கிக் கிடந்து மீண்டும் எழும் என்பது 1980களில் உறுதியாயிற்று. ஆகவே, காய்ச்சல் தணிந்தவன் நோய் நீங்கியவன் அல்லன். உறங்கும் கிருமியையும் மருந்தால் அழித்தல் வேண்டும். இவ்வறிவையும் கைக்கொண்டு, காய்ச்சலுற்றோரின் குருதியை ஊர்தோறும் சென்று சோதித்தும், மருந்தூட்டிய வலைகளை வழங்கியும், உரிய இடங்களில் மாத்திரம் நாசினி தெளித்தும் பணி நடைபெற்றது. 1999இல் நோயுற்றோர் 2,60,000க்கு மேற்பட்டிருந்தனர். போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலும் நின்றுவிடாது தொடர்ந்த இப்பணியின் பயனாக, உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒற்றோபரிற் காணப்பட்டார். 2016 செத்தெம்பரில் உலகச் சுகாதாரத் தாபனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடெனச் சான்றளித்தது.

அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னார்த் தீவில் அனொபிலிசு ஸ்ரெபன்சி என்னும் நுளம்பினம் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இவ்வினம், ஆற்றுக் குட்டையை வேண்டாது, கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருக வல்லது. வீட்டுக்கொரு கிணறுடைய வடபகுதியார் இதன் பொருளை எளிதில் உணர்வர். நோய் நீங்கிய நாட்டுக்குக் கிருமியைக் குருதியிற் சுமந்த பயணி ஒருவர் வருதலும், அவரைக் கடிக்க நுளம்பு காத்திருத்தலும், மீண்டும் நோய் மூளப் போதியனவாகும்.

1934இல் அறிவு இருந்தது. அதனைச் செயற்படுத்தும் ஆயத்தம் போதவில்லை. 1963இல் வெற்றி இருந்தது, காவல் இல்லை. நோயாளர் இலட்சக்கணக்கில் உள்ளபோது ஆராய்ச்சிக்கு ஆளும் பொருளும் கிடைக்கும். ஒருவரும் இல்லாத காலத்திலே குருதித் துளியை நுணுக்குக்காட்டியில் நோக்கவும் கிணற்று நீரிற் குடம்பியைத் தேடவும் முன்வருவோர் சிலரே. அறிவியல் பயிலும் நம் மாணவர் அச்சிலருள் இடம்பெறல் வேண்டும். பகைவனைக் காணாத காலத்தும் பகையை மறவாதிருப்பதே, இந்நாடு இருமுறை பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.