மரத்தடிக் கல்லும் ரோதைமுனியும்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்திலுள்ள பூண்டுலோயாவின் தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று டன்சினன். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொட்லாந்துக் குன்றின் பெயரே இது. பிரித்தானியத் துரைமார் தம் நாட்டின் நினைவைத் தோட்டப் பெயர்களிலேயே எழுதிவைத்தனர். ஆவணங்களில் பெயர் சூட்டும் அதிகாரம் இல்லாத தமிழ்த் தொழிலாளரோ தம் ஊரை மரத்தடிக் கல்லில் நிறுத்தினர்.

1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து வரத் தொடங்கிய இம்மக்கள், ஆள்சேர்ப்பவரும் மேற்பார்வையாளருமான கங்காணிகளின் பின்னே, மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். கொள்ளைநோய்க்கும் பசிக்கும் வழியிலேயே பலர் பலியாயினர். சொந்த ஊர்க் கோயிலில் அள்ளிய பிடிமண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, ஒரு மரத்தடியில் இட்டுக் கல் நட்டதாகவே மலையகக் கோயில்கள் பலவற்றின் தோற்றக் கதை தொடங்குகிறது.

இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய பின்னர், ஊரிலிருந்து வந்த தெய்வங்களோடு, ஊரில் எவரும் கேட்டறியாத தெய்வங்களும் தோன்றின. மலையகத் தமிழில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோதை’ போர்த்துக்கேய மூலமுடைய சொல். அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கிய ரோதைமுனி, தொழிற்சாலை இயந்திரங்களுக்கிடையே வேலை செய்வோரின் காவல் தெய்வமானார். ஊர் எல்லையைக் காத்த முனி, கையையும் காலையும் இழுத்துக்கொள்ளக்கூடிய சக்கரத்தின் அருகே காவலுக்கு அமர்த்தப்பட்டார் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. செடிகளைத் தழையவிடாமல் வெட்டிச் சீர்செய்யும் கவ்வாத்து வேலைக்கும் கவ்வாத்துச்சாமி என ஒரு தெய்வம் உண்டு.

கொழுந்து பறிக்கும் பெண்களின் வழக்கம் இன்னும் எளியது. கல்லும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம். தமக்குரிய செடி வரிசையான நிரையின் தலைப்பில் நின்று, முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கூடைக்குள் இடும்போது ‘பொலி’ என்று சொல்வார்கள். தமிழக உழவர் களத்துமேட்டில் நெற்குவியலைப் பெருகச் சொல்லி வாழ்த்தும் சொல் அது. நெல்லே விளையாத மலைச்சரிவில், கூலிக்குப் பறிக்கும் பிறர் இலைக்கும் அதே வாழ்த்து கிடைத்தது. பூண்டுலோயாப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால், எடைக் கணக்கில் மட்டுமே பதிவான அவ்வாழ்வின் இன்னொரு பக்கமும் எழுத்தில் எஞ்சியது.

இவ்வழிபாடுகளைப் பிறந்த ஊர் ஏக்கம் என்று மட்டும் கொள்வது குறைவான வாசிப்பு. ஏக்கத்துக்கு ஊர் மாரியம்மனே போதும். ரோதைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் சாமி கண்டவர்கள், அந்நியர் விதித்த வேலையைத் தமக்குரியதாக்கிக் கொண்டார்கள். அதே மண்ணில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது.

2018இல் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் தொழிலாளர் குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டன. அக்குடியிருப்புக்கு இடப்பட்ட பெயர் மகாத்மா காந்திபுரம்.