பார்க்கூர்

வழியில் குறுக்கிடும் சுவர், கம்பி, படிக்கட்டு, பள்ளம் எதுவானாலும், கருவி ஏதுமின்றித் தன் உடலை மட்டுமே நம்பி ஓடியும் தாவியும் ஏறியும் உருண்டும் கடந்து செல்லும் பயிற்சி முறை பார்க்கூர். 1980களின் பிற்பகுதியில் பாரிஸின் தெற்குப் புறநகர்களில் இது உருப்பெற்றது. இதைப் பயில்பவரைப் பிரெஞ்சில் 'த்ரசேர்' என்பார்கள். தடம் போடுபவர் என்று பொருள். திரைப்படங்கள் இதை மொட்டைமாடிச் சாகசமாகக் காட்டிப் புகழ் தேடித் தந்தன. ஆனால் இது பிறந்தது சாகசத்துக்காக அல்ல. ஆபத்து வேளையில் தன்னையும் பிறரையும் காக்கத் தக்க உடலை வளர்ப்பதற்காகவே பிறந்தது.

முன்னோடி

1902 மே 8 அன்று கரீபியத் தீவான மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. சேன் பியர் நகரம் சில நிமிடங்களில் அழிந்து, சுமார் 28,000 பேர் மாண்டனர். அப்போது மீட்புப் பணியில் பங்கேற்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் (1875–1957). வலிமையோடு துணிவும் பிறர்நலமும் சேர்ந்தால்தான் உடற்பயிற்சிக்குப் பொருளுண்டு என்பது அவர் கொள்கையாயிற்று. பயன்படுவதற்காக வலிமை பெறு என்பதையே தம் முழக்கமாக வைத்தார்.

நடத்தல், ஓடுதல், தாவுதல், கைகால் ஊன்றி நகர்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் ஆகிய 10 பிரிவுகளைக் கொண்டு அவர் வகுத்தது 'இயற்கை முறை'. பிரெஞ்சுப் படையினரின் தடைப்பாதைப் பயிற்சிக்கு அதுவே அடித்தளம். பாதை என்று பொருள்படும் 'பார்க்கூர்' என்ற பிரெஞ்சுச் சொல் அந்தப் பயிற்சியின் பெயரிலேயே இருந்தது.

தந்தையும் மகனும்

அந்தத் தடைப்பாதையைத் தன் வாழ்க்கையாகவே மாற்றிக்கொண்டவர் ரேமோன் பெல். 1939-இல் வியட்நாமில் பிரெஞ்சுத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தார். போர் அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாலாத்தில் இருந்த ராணுவப் பள்ளியில் கொண்டு சேர்த்தது. முரட்டுத்தனம் நிறைந்த அந்தச் சூழலில் யாருக்கும் பலியாகக் கூடாது என்று, மற்றவர்கள் உறங்கிய பிறகு எழுந்து தனியாகப் பயிற்சி செய்தான் அந்தச் சிறுவன். 1954-இல் பிரான்ஸ் சென்றார். பின்னர் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். 1969 ஜனவரியில் நோத்ரதாம் பேராலயக் கோபுர உச்சியில் யாரோ கட்டிவிட்டுப் போன வியட்நாம் விடுதலை முன்னணியின் கொடியை, ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி அகற்றியவர் இவரே.

அவருடைய மகன் டேவிட் பெல் 1973-இல் நார்மண்டியின் ஃபேக்கான் நகரில் பிறந்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய மகனிடம் தந்தை திரும்பத் திரும்ப வலியுறுத்தியது, கற்றது வாழ்க்கையில் கைகொடுக்க வேண்டும் என்பதையே. பதின்ம வயதில் டேவிட், பாரிஸ் புறநகரான லீஸுக்குக் குடிவந்தார். அங்கே செபாஸ்தியான் ஃபூக்கான், யான் நோத்ரா முதலிய நண்பர்கள் சேர்ந்தார்கள். குடியிருப்புச் சுவர்களும் கைப்பிடிக் கம்பிகளுமே அவர்களுக்குப் பயிற்சிக்கூடம்.

1997-இல் 9 பேர் கொண்ட குழுவாகத் தங்களுக்கு 'யாமாகாசி' என்று பெயரிட்டுக்கொண்டார்கள். வலிமையான உடலும் மனமும் என்ற கருத்துடைய லிங்காலா மொழிச் சொல் அது. விரைவில் குழு பிரிந்தது. யாமாகாசியில் எஞ்சியோர் தங்கள் பயிற்சியை 'இடம்பெயரும் கலை' என்றழைத்தனர். நடிகர் உபேர் குந்தே 1998-இல் சொன்ன யோசனைப்படி, தடைப்பாதைப் பயிற்சியின் பெயரில் இருந்த அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் எழுத்துகளை மாற்றி டேவிட் தம் வழிக்குப் 'பார்க்கூர்' என்று பெயர் வைத்தார்.

பயிற்சியும் நோக்கும்

உயரத்திலிருந்து குதிப்பவர் பாதத்தின் முன்பகுதியை ஊன்றி, முழங்காலை மடக்கி இறங்குகிறார். வேகம் மிகுந்தால் ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருண்டு அதிர்ச்சியைக் கரைத்துவிடுகிறார். தரையில் விழும் ஓசையே அவருக்கான தேர்வு: சத்தம் குறைந்தால் மூட்டுகள் பிழைத்தன. சுவர் உச்சியில் தாவ நினைப்பவர், அதே இடைவெளியை முதலில் நடைபாதை விளிம்பில் நூறு முறை தாவிப் பார்ப்பார். ஒருமுறை வாய்த்தது கணக்கில் சேராது. அச்சத்தை மிதித்துவிட்டுப் போவது துணிவு என்று இங்கே யாரும் கற்பிப்பதில்லை. உடல் தயாராக இல்லாத நாளில் அந்த அச்சத்துக்குச் செவிகொடுத்துத் திரும்பி வருவதும் பயிற்சிதான்.

யாமாகாசி மரபில் இன்னொரு வழக்கமும் உண்டு. சேர்ந்து தொடங்கியவர்கள் சேர்ந்தே முடிக்க வேண்டும்.

பரவலும் சர்ச்சையும்

2001-இல் வெளிவந்த 'யாமாகாசி', 2004-இல் டேவிட் நடித்த 'பான்லியூ 13' ஆகிய படங்கள் இந்தக் கலையைப் பிரான்ஸுக்கு வெளியே கொண்டுசென்றன. 2003-இல் ஃபூக்கான் தோன்றிய 'ஜம்ப் லண்டன்' ஆவணப்படத்தின் மூலம் 'ஃப்ரீரன்னிங்' என்ற பெயர் பரவியது. தன்வெளிப்பாட்டுக்கும் அழகுக்கும் கூடுதல் இடம் தரும் வழி அது. 2006-இல் 'கேசினோ ராயல்' படத்தின் தொடக்கத் துரத்தலில் ஜேம்ஸ் பாண்டுக்கு முன்னால் ஓடியவரும் ஃபூக்கானே.

2017-இல் பிரிட்டன் பார்க்கூரை விளையாட்டாக அங்கீகரித்தது. அதே காலத்தில் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு இதைத் தன் பிரிவாக்க முனைந்தபோது, தங்கள் கலையைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்று பல நாட்டுப் பயிற்சியாளர்கள் எதிர்த்தார்கள். 'பார்க்கூர் எர்த்' என்ற தனி அமைப்பையும் தொடங்கினார்கள். எனினும் 2018-இல் ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பார்க்கூரைத் தன் பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. 2022 அக்டோபரில் டோக்கியோவில் அதன் முதல் உலகப் போட்டி வேகம், ஃப்ரீஸ்டைல் என்ற இரு பிரிவுகளில் நடந்தது. பதக்கத்தை முன்னிறுத்தும் விளையாட்டு உடற்கல்விக்கு எதிரானது என்று எபேர் தனி நூலே எழுதியது 1925-இல்; ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதே வாதத்தைத்தான் த்ரசேர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.