மேகம் சூப்பர், கல்லு எத்தனை?

போன எபிசோடுல நான் எடுத்த கல்வட்டப் படங்களைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதுல ஒரு தப்பு இருக்கு, அதைச் சொல்லாம விடக்கூடாது.

போத்தனூர்க்காரங்களுக்கு ஆனி, ஆடி வானம் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகம் கூட்டங்கூட்டமா வரும். மழை மட்டும் நமக்குப் பெருசா கிடைக்காது. அந்த வானத்தை நம்பித்தான் கேமராவோட கிளம்பினேன்.

முதல்ல கொடுமணல். நம்ம வெள்ளலூர் பக்கம் ஓடுற அதே நொய்யல், அதோட வடகரை. பதிற்றுப்பத்து சொல்ற 'கொடுமணம்' இதுதான்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. 1985-ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்க தோண்டுச்சு, எ. சுப்பராயலு, கா. ராஜன் எல்லாம் வேலை செஞ்ச இடம். ஒரே ஒரு ஈமக்குழியில 2,220 சூதுபவள மணி கிடைச்சுது. பலகைக் கல்லை நட்டு அறை, மேல மூடுகல், அதுக்கு மேல கற்குவியல், சுத்தி வட்டமா குண்டுக்கல். இவ்வளவையும் கட்டி, உள்ள வெச்சு, மூடிட்டுப் போயிருக்காங்க.

உச்சி வெயில்ல இதைப் பார்த்தா வெறும் கல்லுக்காடு. சாயங்காலம் வெயில் சாயும்போது பாருங்க, பாதி புதைஞ்ச கல்லுக்கும் நிழல் விழும். வட்டம் தானா எழுந்து வரும்.

இந்தப் படம் எடுக்கிற பழக்கம் புதுசில்ல. நீலகிரியோட முதல் கமிஷனர் பிரீக்ஸ், அங்க இருக்கிற கற்குவியல்களைத் தோண்டிப் பதிவு செஞ்சார். அவர் 1872-ல இறந்துட்டார். அடுத்த வருஷம் புகைப்படங்களோட புத்தகம் வந்துச்சு. அழகுக்காக இல்ல, பதிவுக்காக.

என் தப்பு வேற ஒரு ஊர்ல. பேர் வேண்டாம், தங்கம் இருக்கும்னு நம்பித் தோண்டுறவங்க இன்னும் இருக்காங்க. ஒரு காட்டுக்குள்ள தனியா ஒரு கல்வட்டம். வைட் லென்ஸ், தரையோட படுத்து எடுத்தேன். படத்துல முக்கால்வாசி கருமேகம். போதாததுக்கு எடிட்டிங்ல முன்பக்கத்தை இன்னும் இருட்டாக்கினேன். லைக் பிச்சுக்கிச்சு.

அடுத்த வருஷம் போனா உழவு ஓட்டியிருந்தாங்க. வரப்போரம் நாலு கல்லு, அவ்வளவுதான். தோட்டத்துக்காரரைக் குத்தம் சொல்ல மனசு வரலீங்க. அது என்னன்னு அவருக்கு யாரும் சொன்னதில்ல. நானும் போன தடவை சொல்லாமத்தான் வந்தேன்.

தொல்லியல் படிச்ச நண்பர் கேட்டார்: "மொத்தம் எத்தனை கல்லு இருந்துச்சு? வட்டம் எவ்வளவு அகலம்?" ஒரிஜினல் ஃபைல் எல்லாத்தையும் திறந்து எண்ணினேன். பதினொன்னு வரைக்கும் வந்துச்சு. பின்பக்கக் கல்லுகளை முன்பக்கக் கல்லு மறைச்சிருக்கு. அளவுகோல் இல்ல, வடக்கு எந்தப் பக்கம்னு குறிப்பும் இல்ல. மேகம் மட்டும் துல்லியமா இருக்கு.

இப்பெல்லாம் பையில ஒரு மீட்டர் குச்சி இருக்கு. முதல்ல நின்ன வாக்குல நாலு திசையிலயும் சப்புன்னு படம், அப்புறம் தோட்டத்துக்காரர்கிட்ட பத்து நிமிஷம் பேச்சு. அதுக்கப்புறமும் வெளிச்சம் மிச்சமிருந்தா, வானம்.