அக்கா உருட்டிய குழாய்

தீபாவளிக்கு நீங்க விடுற ராக்கெட்டில் மருந்தைத் தாங்குவது வெறும் காகிதக் குழாய்தான். 1780-ல் பொள்ளிலூர்ப் போரில் ஹைதர் அலி படை கம்பெனிக்காரன் மேல விட்ட ராக்கெட்டுக்கு இரும்புக் குழாய். அது போருக்கு, நம்ம வீட்டு வாசல் ராக்கெட்டுக்குக் காகிதமே தாங்கும், ஒழுங்கா உருட்டியிருந்தா.

அந்த வேலை எங்க பக்கம் வந்த கதை இது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அதுக்குப் பின்னால பட்டாசும் வளர்ந்தது. எங்களுது வானம் பார்த்த கரிசல் காடு. மழை பொய்ச்ச வருஷம் திண்ணைக்குத் திண்ணை காகிதக் கட்டு வந்து இறங்கும்.

கம்பியில காகிதத்தைச் சுத்தி, பசை தடவி, பலகையால அழுத்தி உருட்டணும். அடுக்குக்கு நடுவுல காத்து நின்னா அந்த இடம் பலமில்லாமப் போகும். அவசரமா வெயில்ல போட்டா கோணிக்கும், நிழல்லதான் காயணும்.

எண்ணிக் கொடுத்தாதான் கூலி. அம்மாவும் அக்காவும் உருட்டின அந்தக் கூலியில நான் பள்ளிக்கூடம் முடிச்சேன். அக்கா அஞ்சாவதோட நின்னுட்டா. அந்த வருஷங்களைப் பஞ்ச காலம்னு ஊர்ல சொல்லுவாங்க. பஞ்சத்துல அடுப்பு எரிஞ்சது யாரு கையாலன்னு சொல்ல மாட்டாங்க.

அதான் நான் எழுதி வைக்கிறேன்.