சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை

ஆல்ப்ஸில் ஸ்கீயிங் போகலாம் என்று நாலு நண்பர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் முதலில் வந்து வழிமறிப்பது பணம்கூட இல்லை, சனிக்கிழமை. பிப்ரவரியில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் வாடகை வீடு தேடிப் பாருங்கள். புதன் போய் ஞாயிறு திரும்புகிறேன் என்றால் பெரும்பாலும் கதவு திறக்காது. சனிக்கிழமை சாயங்காலம் சாவி வாங்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லிஃப்ட் பாஸ், பயிற்சி வகுப்பு எல்லாம் அந்த ஏழு நாள் அச்சுக்குள் வார்த்தவை. போதாக்குறைக்கு, பிரான்ஸ் தன் பள்ளிகளை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையை மண்டலத்துக்கு மண்டலம் தள்ளிவைக்கிறது. மொத்த நாடும் ஒரே வாரத்தில் மலையேறிவிடக் கூடாதல்லவா? எங்கள் தொழில் பாஷையில் இதற்கு லோட் பேலன்சிங் என்று பெயர்.

பனியில் விளையாடுவது இயற்கையோடு இருக்கிற சங்கதி என்று வெளியிலிருந்து தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கிறது. இந்த அட்டவணையைப் போடத் தொடங்கியவர்கள் யார் என்று பின்னோக்கிப் போனால், வழியில் ஓரிடத்தில் மதராஸ் வருகிறது. எனக்கே முதலில் நம்ப முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆல்ப்ஸுக்குக் கோடையில்தான் ஆட்கள் போனார்கள். குளிர்காலத்தில் ஹோட்டல்களுக்குப் பூட்டு. சென் மோரிட்ஸில் யோஹானஸ் பட்ரூட் என்ற ஹோட்டல்காரர் 1864இல் தன் ஆங்கிலேய விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டினாராம்: குளிர்காலத்தில் வாருங்கள், பிடிக்கவில்லை என்றால் செலவு என்னுடையது. எவ்வளவு நிஜமோ தெரியாது, ஹோட்டல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அதைவிட உறுதியானது டாவோஸ் கதை. அங்கே 1865இல் குளிர்காலத்துக்கென்று வந்திறங்கியவர்கள் காசநோயாளிகள். அலெக்சாண்டர் ஷ்பெங்லர் என்ற மருத்துவர் மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று நம்பினார். குளிர்கால ஆல்ப்ஸின் முதல் வாடிக்கையாளர்களில் பலர் இருமிக்கொண்டு வந்தவர்கள் என்பதை இன்றைய விளம்பரப் படங்கள் மறந்தே போய்விட்டன.

ஆர்தர் கானன் டாயிலும் டாவோஸுக்குப் போனது காசநோய் வந்த மனைவிக்காகத்தான். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல் நார்வேக்காரர்களின் ஸ்கீ கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டார். 1894 மார்ச் 23 அன்று உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்களுடன் விடியுமுன்னே கிளம்பி, மலைக்கணவாய் தாண்டி ஆரோசா போய்ச் சேர்ந்தார். அங்கே ஹோட்டல் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பிராங்கர் எழுதிய தொழில்: 'ஷ்போர்டெஸ்மன்'. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவருக்கு இது பெருமையாக இருந்தது. இந்தப் பயணத்தைப் பற்றி அந்த ஆண்டு டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் எழுதினார். சரிவில் உட்கார்ந்தே சறுக்கி இறங்கியதில் டுவீட் கால்சட்டை என்ன கதிக்கு ஆளானது என்பதும் அதில் உண்டு. ஒருநாள் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் இதற்கென்றே ஸ்விட்சர்லாந்துக்கு வருவார்கள் என்றும் சொன்னார். நூற்றுக்கணக்கில்! பாவம், குறைத்துச் சொல்லிவிட்டார்.

அந்த ஆங்கிலேயர்களைக் கூட்டிவந்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி லன். டாக்டருக்குப் படித்த மெதடிஸ்ட் போதகர். இளவயதில் டென்னிஸ் சாமான் விற்றுக் காசு பார்த்தவர். 1887இல் மிஷனரியாக மதராஸ் வந்தார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அடுத்த ஆண்டே ஊர் திரும்பினார். சும்மா திரும்பவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் ஏழைகளை விட்டு விலகி, பங்களா வாழ்க்கை வாழ்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகையில் பெரிய சண்டையைக் கிளப்பினார். விசாரணை நடந்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை, கொஞ்ச காலத்தில் திருச்சபைப் பணியையும் விட்டார்.

1892இல் பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒன்றுசேர்ப்பதற்காக ஸ்விட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் மாநாடு கூட்டினார். திருச்சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் ரயில், ஹோட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி ஒரே விலையில் விற்கலாம் என்பது லன்னுக்குப் பிடிபட்டது. 1902-03 குளிர்காலத்தில் ஆடல்போடனுக்கு ஆட்களை அழைத்துப்போனார். 1905இல் 'பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப்' தொடங்கினார். பெயரில்தான் பப்ளிக். ஈட்டன், ஹாரோ வகைப் பள்ளிகளில் படித்தவர்கள், பல்கலைக்கழகக்காரர்கள், ராணுவ அதிகாரிகள், இவர்களுக்கு மட்டும். குளிர்காலத்துக்கு முழு ஹோட்டலையே எடுத்துவிடுவார்கள், உறுப்பினர் இல்லாதவருக்கு அறை கிடையாது. மியூரன் கிராமத்துக்கு 1891லேயே ரயில் வந்திருந்தாலும் குளிர்காலத்தில் ஓடாது. 1910-11இல் அதையும் பேசி ஓடவைத்தார்.

மதராஸில் சக மிஷனரிகளின் சொகுசைப் பார்த்துக் கொதித்த அதே மனிதர்தான் இவர். போலித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. கூட்டம் சேர்க்கத் தெரிந்த ஒருவர், எந்தக் கூட்டம் காசு கொடுக்கும் என்பதைக் கண்டுகொண்டார். ஆனால் அவர் விற்ற பொருளில் பனி பாதிதான். மீதிப் பாதி, காலையில் சாப்பாட்டு மேஜையில் எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற உத்தரவாதம்.

மதராஸ் நாட்களின் மிச்சம் இன்னொன்றும் உண்டு. 1888 ஏப்ரல் 18 அன்று அங்கே பிறந்த மூத்த மகன் ஆர்னல்ட் லன். இன்றைய ஆல்பைன் பந்தயங்களுக்கு உருக்கொடுத்தவர். ஸ்கீ என்றால் நார்வேக்காரர்களுக்கு நெடுந்தூர ஓட்டமும் தாண்டலும்தான். சரிவில் இறங்குவது ஒரு விளையாட்டா என்று கேட்டவர்கள் அவர்கள். கொடிகளுக்கிடையே இறங்கும் ஒரு போட்டியை 1905லேயே ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மாத்தியாஸ் ஸ்டார்ஸ்கி நடத்தியிருந்தார். ஆனாலும் 1922இல் மியூரனில் ஜோடி ஜோடியாகக் கொடி நட்டு, அழகுக்கு மதிப்பெண் கிடையாது, யார் சீக்கிரம் இறங்குகிறாரோ அவர் ஜெயித்தார் என்று ஆர்னல்ட் வகுத்த விதிதான் நின்றது. ஸ்லாலம் என்ற பெயர் மட்டும் நார்வேயிலிருந்து வந்தது. 1909இல் வேல்ஸ் மலையில் விழுந்து கால் முறிந்து, ஒரு கால் குட்டையாகிப்போன மனிதர் செய்த வேலை இது. 1931இல் மியூரனில் நடந்த முதல் உலகப் போட்டியில் பெண்களுக்கும் இடம் இருந்தது. எஸ்மே மெக்கின்னன் என்ற 17 வயதுப் பெண் இறக்கம், ஸ்லாலம் இரண்டையும் வென்றாள்.

ஒரு சின்ன கிளைக்கதை. 1911இல் நடந்த லன் குழுவினரின் இறக்கப் பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தவர் கந்தஹார் பிரபு ராபர்ட்ஸ். 1880இல் காபூலிலிருந்து கந்தஹாருக்குப் படை நடத்தியவர், பிறகு மதராஸ் ராணுவத்தின் தளபதி. அந்தப் பட்டப்பெயர் கோப்பையோடு ஒட்டிக்கொண்டு, மியூரன் கிளப்புக்கும், ஆஸ்திரியப் பந்தயத்துக்கும், ஜெர்மனியின் கார்மிஷ் சரிவுக்கும், காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் கம்பிக் கருவிக்கும் போய்ச் சேர்ந்தது. பனியில் சறுக்கும் ஐரோப்பியர்கள் வாயில் ஓர் ஆப்கன் ஊர் இன்றுவரை புரள்கிறது.

அதுவரை ஒருமுறை இறங்க வேண்டுமென்றால் பல மணிநேரம் ஏற வேண்டும். 1934 டிசம்பரில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற பொறியாளர் டாவோஸில் ஓர் இழுவை லிஃப்டை ஓடவிட்டார். ஓடும் கயிற்றில் கொக்கிகள். பின்புறத்தில் கொக்கியைக் கொடுத்தால், ஸ்கீ பனியில் இருக்கும்போதே மேலே இழுத்துப்போகும். எளிமையான யோசனைதான். அதோடு கணக்கே மாறியது. நாளுக்கு ஒரு இறக்கம் பத்தானது, இருபதானது. இனி மலையைக் கொள்ளளவாகப் பார்க்கலாம்: மணிக்கு எத்தனை பேர், எத்தனை படுக்கை, எத்தனை கிலோமீட்டர் சரிவு.

அந்தக் கணக்கை நல்லெண்ணத்தோடு போட்டவர் லோரான் ஷாப்பி. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஆஸ்திரியாவில் சிறைமுகாமில் இருந்தபோது, சவோய் மலைகளில் ஒரு பனி நகரத்தைத் தாளில் கட்டிக்கொண்டிருந்தார். கம்பிவேலிக்குள் உட்கார்ந்து விடுமுறையைத் திட்டமிட்ட மனிதர்! பிரான்ஸில் 1936இல் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு சட்டமாகியிருந்தது. 1946இல் சவோய் மாவட்ட நிர்வாகம் பொதுப்பணத்தில் கூர்ஷவெல்லைத் தொடங்கியபோது, சாதாரண ஜனங்களும் பனிக்கு வரட்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. லன்னின் கிளப்புக்கு நேர் எதிரான வரைபடம். இன்று கூர்ஷவெல் என்றால் ஐரோப்பாவிலேயே விலை உயர்ந்த பனி ஊர்களில் ஒன்று, மலைமேலேயே விமான ஓடுபாதை. இரண்டு எதிரெதிர்த் திட்டங்களும் கடைசியில் ஒரே சாப்பாட்டு மேஜைக்குத்தான் வந்து சேர்ந்தன.

ஸ்னோபோர்ட் வந்தபோது வேறு வகைச் சண்டை. 1965இல் அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டிய பொம்மையில் தொடங்கியது. பல இடங்களில் லிஃப்டில் ஏறவே விடவில்லை. 1998இல் நாகானோ ஒலிம்பிக்ஸில் சேர்த்த பிறகு அடங்கிப்போனார்கள். ஆனாலும் இழுவை லிஃப்டின் கொக்கி இன்னும் இரண்டு கட்டைக்காரனுக்கென்றே செய்தது மாதிரிதான் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்பவன் தடுமாறுவான். உங்கள் நாலு பேரில் ஒருவர் ஸ்னோபோர்ட் என்றால், நாற்காலி லிஃப்ட் அதிகமுள்ள ஊராகப் பாருங்கள்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உயரம். இவ்வளவு திட்டமும், அட்டவணையும், சனிக்கிழமையும் பனி வரும் என்ற ஒரே நம்பிக்கைமேல் நிற்கின்றன. 2023இல் 28 ஐரோப்பிய நாடுகளின் 2,234 பனி ஊர்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை வந்தது. உலக வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில், அவற்றில் 53 சதவீதத்துக்குப் பனி கிடைப்பது மிகப் பெரிய ஆபத்தில். 4 டிகிரி என்றால் 98 சதவீதம். செயற்கைப் பனி செய்யத் தண்ணீரும் மின்சாரமும் குளிரும் வேண்டும், குளிர் இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் பனி துப்பாது. ஆகவே காசுள்ளவர்கள் மேலே மேலே போகிறார்கள். 2,300 மீட்டரில் இருக்கும் வால் தொரான்ஸ் மாதிரி ஊர்களுக்குக் கூட்டம். தாழ்வான சரிவுகளில் மலிவாக ஸ்கீ கற்றுக்கொண்ட பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மேல்வழி கிடையாது. கதவில் காவல் நிற்பது இப்போது கிளப் இல்லை, உயரம்.

மியூரனில் 1928இல் கிளப்காரர்கள் 'இன்ஃபெர்னோ' என்று ஒரு பந்தயம் தொடங்கினார்கள். முதல் முறை ஷில்ட்ஹார்ன் உச்சிக்கு நடந்தே ஏறி, அங்கிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குவரை இறங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, உச்சிக்கு இப்போது கேபிள் கார் போகிறது. முழுப் பாதை 14.9 கிலோமீட்டர். கீழே பனி போதாத ஆண்டுகளில் பாதையைச் சுருக்கி, பாதி மலையில் விண்டர்எக்கிலேயே முடித்துவிடுகிறார்கள். வீரர்கள் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, லன் குளிர்காலத்தில் ஓடவைத்த அதே ரயிலில் ஏறுகிறார்கள்.