புகார்க் காகிதம்

வடசேரி பஸ் நிலையத்தில் காலை வேளையில் கல்லூரிப் பிள்ளைகளின் கும்பலைப் பார்த்திருக்கிறேன். நடையில் சற்று நளினம் தெரிகிற பையனுக்குப் பட்டப்பெயர் சூட்ட ஒரு நிமிஷம் போதும். அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கும். இதை விளையாட்டு என்கிறோம். இந்த விளையாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1860-ல் வெள்ளைக்கார சர்க்கார் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு விரோதம்' என்று சொல்லித் தன்பாலாரோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிற்று. 1967-ல் இங்கிலாந்தே தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நாமோ, மாமியார் போன பிறகும் மாமியார் வைத்த வழக்கத்தை விடாத மருமகள் மாதிரி, அதைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையே கல்லூரிகளுக்கென்று வேறொரு சட்டம் பிறந்தது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவன் நாவரசு கொலையுண்டான். 1997-ல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்தது. 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு தன் விதியைத் திருத்தி, பாலினத்தையோ பாலீர்ப்பையோ காரணமாக வைத்து ஒரு மாணவனை வதைப்பதும் ராகிங்தான் என்று எழுதிற்று.

நல்ல வார்த்தைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 377 அப்போது உயிரோடிருந்தது! என்னை ஏன் அடித்தார்கள் என்று எழுதப் போகிற பையன், அதே காகிதத்தில் தன்னையே காட்டிக் கொடுக்க வேண்டும். சட்டம் செயலைத்தான் தண்டித்தது, மனத்தை அல்ல என்று வக்கீல்கள் சொல்லலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நுணுக்கம் துணைக்கு வருமா? 2018 செப்டம்பர் 6-ம் தேதிதான், வயது வந்தவர்கள் சம்மதித்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று ஸுப்ரீம் கோர்ட் சொல்லிற்று.

திருநங்கையருக்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே நல வாரியம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வழி திறந்தது 2021-ல். மதுரையில் வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு, ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் தீர்ப்பெழுதுமுன் ஒரு மனநல நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான், 'குணப்படுத்துகிறேன்' என்று செய்யும் வைத்தியத்தைத் தடுக்கச் சொன்னார். கல்லூரிகளும் பெற்றோர்களும் இதை அறிந்துகொள்ள வழி செய்யச் சொன்னார்.

நீதிபதி செய்ததை ஒரு ஹாஸ்டல் வார்டன் செய்ய முடியாதா? வரும் பிள்ளையை உட்கார வைத்து, சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதை, அந்தப் பிள்ளையின் சம்மதமில்லாமல், வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லாதிருக்க வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.