நீராவிக்குக் கிடைத்த மறுவேலை

எஸ்பிரெஸோ என்ற சொல்லை எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டது கல்யாண ரிசப்ஷன்களில்தான். பளபளவென்று ஒரு பாய்லர், அதிலிருந்து நீளும் குழாய், ‘புஸ்’ஸென்று சத்தம், டம்ளர் நிறைய நுரை, அதன் மேல் ஒரு சிட்டிகை சாக்லேட் பொடி. உள்ளே இருந்ததோ பாலும் இன்ஸ்டன்ட் காபித் தூளும். இத்தாலிக்காரர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், எஸ்பிரெஸோவின் கதையே ஆவியில்தான் தொடங்குகிறது. முப்பது வருடம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன்களோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் கொஞ்சம் பாசம் அதிகம்.

1884-ல் இத்தாலியின் துரின் நகரில் நடந்த பொருட்காட்சியில் ஆஞ்செலோ மொரியோந்தோ என்ற ஹோட்டல்காரர் ஓர் இயந்திரத்தை வைத்தார். நீராவியின் துணையோடு, ஒரே நேரத்தில் பலருக்கு, சீக்கிரமாகக் காபி இறக்கும் இயந்திரம். வெண்கலப் பதக்கமும் காப்புரிமையும் கிடைத்தன. ஆனால் அவர் அதைப் பெரிய அளவில் தயாரித்து விற்கவில்லை. அவர் பெயரும் மெல்ல மறைந்துபோனது. 1901-ல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதை விலைக்கு வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905-ல் தயாரிப்பைத் தொடங்கினார். புகழ் அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்த இயந்திரங்களில் கொதிகலனின் ஆவி அழுத்தம்தான் வெந்நீரைக் காபித் தூளுக்குள் தள்ளியது. கிடைத்த அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். அழுத்தம் கூட வேண்டுமென்றால் வெப்பத்தையும் கூட்ட வேண்டும். மூடிய கொதிகலனில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், தனித்தனியாக வளராது. வெப்பம் கூடினால் காபி கருகிக் கசக்கும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் அகில்லே காஜியா. ஆவி இல்லாமல் காபி இறக்க 1938-ல் காப்புரிமை கேட்டார். போருக்குப் பின் வந்த அவருடைய நெம்புகோல் இயந்திரத்தில் வெந்நீரைத் தள்ளும் வேலையை ஸ்பிரிங் எடுத்துக்கொண்டது. அழுத்தம் ஒன்பது பார் வரை ஏறியது. காபியின் மேல் பொன்னிறத்தில் ‘கிரேமா’ படர்ந்தது.

அத்தோடு காபி இறக்கும் வேலையிலிருந்து ஆவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. பக்கத்தில் இருந்த சின்னக் குழாய் வழியாகப் பால் நுரைக்கும் வேலை அதற்கு நிரந்தரமானது.

பிறகு நிஜமாகவே வீட்டுக்கு வந்தது. 1961-ல் வெளியான ‘லா பவோனி யூரோபிக்கோலா’ அடுப்பு மேடையில் அடங்கும் நெம்புகோல் இயந்திரம். 1973-ல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ரோஜர் மூர் தன் வீட்டுச் சமையலறையில் மேலதிகாரிக்குக் காபி போட்டுத் தருவார்; பால் நுரைக்கும் சத்தம் அமர்க்களப்படும். இவ்வளவுதானா இது செய்யும் என்பதுபோல் அதிகாரி பார்ப்பார்!

இவ்வளவுதான், ஆனால் நுட்பமான வேலை. ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுக்கொடுக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இங்கே பாலைச் சூடாக்குகிறது. 150 மி.லி. குளிர்ந்த பாலை 60 டிகிரிக்குக் கொண்டுவர 13 கிராம் ஆவி போதும். அதாவது, பால்காரர் ஊற்றியது போக நாமும் அரைக்கால் டம்ளருக்குக் குறைவாகத் தண்ணீர் சேர்க்கிறோம்!

வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் ஒரே கொதிகலன்தான். காபிக்குத் தண்ணீர் 93 டிகிரியில் வேண்டும். ஆவிக்கு 120-க்கு மேல் போக வேண்டும். அதனால்தான் காபி இறங்கியதும் ஸ்டீம் பொத்தானைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கிறோம். காஜியா பிரித்துவைத்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் மாறி மாறிக் குடித்தனம் நடத்துகின்றன.

செய்முறை எளிது. முதலில் குழாயைத் திறந்து அதில் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். குழாய் நுனி பாலின் மேற்பரப்பை ஒட்டி இருக்கட்டும். காற்று உள்ளே போகும் ‘ஸ்ஸ்’ சத்தம் சில விநாடிகள் போதும். பிறகு நுனியைச் சற்று அமுக்கிப் பாலைச் சுழல விடுங்கள். பாத்திரத்தைக் கை தாங்க முடியாமல் போகும் நேரத்தில், 60 டிகிரியை ஒட்டி, நிறுத்துங்கள். 70-ஐத் தாண்டினால் நுரை முரடாகும், காய்ச்சிய வாடை வரும். முடித்ததும் குழாயைப் பாலுக்குள் விட்டுவைக்காதீர்கள். உள்ளே ஆவி குளிர்ந்து நீரானால் வெற்றிடம் உண்டாகி, பாலை மேலே உறிஞ்சிவிடும். உடனே துடைத்து, ஒரு முறை ஆவியைத் திறந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுத் தகராறு இந்த 60 டிகிரியில்தான். பொங்காத பால் என் மனைவிக்குப் பச்சைப் பால். பாக்கெட் பாலை ஏற்கெனவே 72 டிகிரியில் பதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள் என்ற என் வாதம் எடுபடவில்லை. கடைசியில் ஒரு சமரசம். காலையில் பால் பொங்கும். ஆறியதும் ஆடையை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜில் வைப்போம். மாலையில் அதையே ஆவியில் நுரைப்பேன். நுரை நன்றாகவே வருகிறது. ஆனால் சூடு பற்றாது என்று தன் பங்கை அவள் மறுபடி அடுப்பில் வைக்கிறாள்.